முட்டையிடாத மூன்றாவது கொட்டில்

வெள்ளவத்தை,
12.12.1995

அன்பு மகள் ஜெகதிக்கு,

கொலன்னாவையில் நம் கடைக்கு முட்டை தரும் ஸாலிஹ் நானாவின் ஒரு கொட்டில் கோழிகள் முட்டையிடுவதை நிறுத்திவிட்டன. நானும் அம்மாவும் சுகம். நீ சுகம் என்று எழுதியதைத்தான் என்னால் நம்ப முடியவில்லை, ஏன் என்று சொல்கிறேன்.

ஒக்டோபரில் அங்கே எண்ணெய்த் தாங்கிகள் வெடித்து எரிந்ததிலிருந்து பாதி முட்டைதான் வந்தது. மற்றப் பாதியை நானா பேலியகொடைக் கடைகளுக்குக் கூடிய விலையில் தள்ளுகிறார் என்று நினைத்தேன், வியாபாரி வேறு என்ன நினைப்பான். சொல்லாமல் கொள்ளாமல் அவர் வளவில் போய் நின்றேன். என்னா மொதலாளி, உளவு பாக்க வந்தீங்களா, கோழிக்கும் உசிருதானே, அந்த வெடிச் சத்தத்துல அதுக்கும் வயிறு கலங்காதா என்று சிரித்தார். உண்மைதான், கூடைகளில் பாதி வெறுமை. கொஞ்ச நாளில் இரண்டு கொட்டில்கள் பழையபடி இடத் தொடங்கின, மூன்றாவது மட்டும் இல்லை. அதே தீவனம், அதே தண்ணீர். எனக்கு மறுபடி சந்தேகம், ஒரு ஆளைக் கொண்டு அந்தக் கொட்டிலின் அடிப்பலகையைக் கிளப்பினால் கீழே ஒரு கீரி குடியிருக்கிறது. கம்பிவலையால் உள்ளே வர முடியாது, ஒரு கோழிக்கும் காயமில்லை, அது அங்கே நடமாடுவதே கோழிகள் பயந்து முட்டையிடாமல் போகப் போதுமாம்.

மனிதர் கோழியில்லை, தெரியும். யாழ்ப்பாணத்திலிருந்து ஓடிவந்து நம் மேல்மாடி அறையில் இருக்கும் சரோஜினிதேவியைப் பார், பொலிஸ் பதிவு, செக்கிங், புருஷனுக்கு வேலையில்லை, ஆனால் மூன்றாவது பிள்ளை வயிற்றில். இந்தக் கஷ்டத்துக்குள்ளையோ பிள்ளை என்று அம்மா கேட்க, அவர் பக்கத்திலை இருக்கேக்கை எனக்குப் பயமில்லை மாமி என்றாளாம். நீ குண்டு விழாத கனடாவில் ஏழு வருஷம். ஜெகதிக்குத்தான் பிள்ளை வேண்டாமாம் மாமா என்று மருமகன் சிவபாலன் சொல்கிறார், உன் வாயால் அதை நான் ஒருநாளும் கேட்டதில்லை. எப்போது அழைத்தாலும் போனை அவர்தான் எடுக்கிறார், நீ ஓம் அப்பா, சுகம் அப்பா என்று வைத்துவிடுகிறாய். பக்கத்தில் ஆள் நிற்கிறபோதுதான் ஒருவர் அப்படிக் கதைப்பார், கடையில் எத்தனை பேரைப் பார்த்திருக்கிறேன்.

பிள்ளை வேண்டாம் என்பது உன் முடிவென்றால் அதோடு சரி, கேட்க எவருக்கும் உரிமையில்லை. பயம்தான் காரணமென்றால் மறைக்காதே. இதை உன் வேலைத்தல முகவரிக்கு அனுப்புகிறேன், வீட்டுக்குக் கொண்டுபோகாதே. பிள்ளையார் உன்னைக் காக்கட்டும், குளிருக்குக் காதை மூடிக்கொள்.

நானும் அம்மாவும் பேசி முடித்தது இது: பேரப்பிள்ளை என்ற சொல்லை இனி அம்மா எடுக்கமாட்டா. நீ தனியே வந்தால் ஏன் என்று நான் கேட்கமாட்டேன். டிக்கெற் என் பொறுப்பு, எத்தனை காலம் இருப்பது என்பது உன் விருப்பம்.

உன் அப்பா,
இரத்தினசிங்கம்