எழுநூற்றைம்பது வாட் என்று சொல்லி ஏற்றிய பெட்டி

ஆறாயிரத்து நானூறு காசு நிலுவை நிற்க, நெடுங்கரை நாடாளும் அரசி தண்பொழிலாள் ஆணையின் நிழலில் நின்று பொறிமண்டப அதிகாரி சேந்தன், மேற்றிசைப் பண்டசாலைத் தலைவர் திருமிகு அழிசியாருக்கு விடுக்கும் ஓலை. தங்கள் கோட்டமும் குடியும் குறைவின்றி வாழ்க. தங்கள் கரைகள் நிலைக்க.

ஆற்றின் நீர்வரத்தைக் கணித்து மதகு திறக்கும் நேரம் சொல்லும் மேசைக் கணினிக்கு, அரசியார் இவ்வாண்டு புதிய பிராசசரும் பெரிய கிராபிக்ஸ் கார்டும் அருளினார். பழைய பவர் சப்ளையோ நானூற்றைம்பது வாட். புதியவை முழு மூச்சில் ஓடினால் ஐந்நூறைத் தாண்டும் என்று சேந்தன் கூட்டிப் பார்த்தான். மேட்டில் ஏறும்போது மூச்சு வாங்க இடம் விட்டுத்தான் தலையில் சுமை வைக்க வேண்டும் என்பது கல் சுமந்தவனுக்குத் தெரியாதா? எழுநூற்றைம்பது கேட்டான். பழைய அளவே தாங்கும், எதற்கப்பா வீண் செலவு என்று தாங்கள் சிரித்தீர்கள். அவன் விடாமல் நச்சரிக்கவே, காசைப் பெற்றுக்கொண்டு, ஒரு பவர் சப்ளைப் பெட்டியை அவன் தலையில் தாங்களே தூக்கி வைத்து, எழுநூற்றைம்பது என்று உரக்கச் சொன்னீர்கள்.

ஏற்றிவிடுபவர் சுமையின் அளவை உரக்கச் சொல்வதும், சுமப்பவர் மறுபேச்சின்றி நடப்பதும் நம் சுமைகாரர் வழக்கம். தாங்களும் அவனும் சுமைகாரராய் ஒரே சுமைத்தண்டுக்குத் தோள் கொடுத்த காலத்தில் அந்தச் சொல் ஒருநாளும் பொய்த்ததில்லை. ஆகவே அவன் பெட்டியைச் சோதிக்கவில்லை. தலை நரைத்த பிறகு எழுத்துக் கற்றவன்தான். ஆனாலும் வாசிக்கத் தெரியாமல் விடவில்லை, சோதித்தால் தங்களை அவமதித்ததாகும் என்றே விட்டான்.

ஐப்பசி வெள்ளத்தன்று கார்டு வேகம் பிடித்ததும் கணினி அணைந்தது. மீண்டும் இயக்கினான், மீண்டும் அணைந்தது. மதகு திறக்கத் தாமதமாகி, சுமைகாரர் தெருவில் இடுப்பளவு நீர் ஏறியது. தங்கள் உடன்பிறந்த தங்கை நீலியார் கைக்குழந்தையோடு கூரைமேல் குந்தியிருந்தார். இருவரும் பிழைத்தது அவர்கள் பாக்கியம். பின்பே பெட்டியின் மேலிருந்த புதுச் சீட்டை அவன் உரித்தான். அடியில் நானூற்றைம்பது என்றிருந்தது.

அரசியார் வினவியபோது, பெட்டியைத் தேர்ந்தவன் சேந்தனே, அவனுக்குக் கூட்டல் ஏது என்று தாங்கள் அவையில் மொழிந்தீர்களாம். வெள்ளம் வந்தபோதுகூட உட்காராதவன், அதைக் கேட்டு உட்கார்ந்துவிட்டான்.

மண்டபத்துக்குத் தாங்கள் திருப்ப வேண்டிய அந்த ஆறாயிரத்து நானூறு காசைச் சேந்தன் தன் சம்பளத்திலிருந்து கருவூலத்தில் கட்டினான். அதைக்கொண்டே தக்க பெட்டி வந்து, கணினி இப்போது அணையாமல் ஓடுகிறது. தங்களிடம் கேட்க அவனுக்கு ஒன்றுமில்லை.

இனி, அரசியார் இசைவோடு இடும் ஆணை: அழிசியார் கையால் வரும் எச்சுமையும், அவர் வாயால் என்ன அளவு சொன்னாலும், சோதித்த பின்பே நம் ஆட்கள் தலையில் ஏறும். இது தங்கள் பண்டசாலை வாயிலில், தங்கள் காதுபடப் படிக்கப்படுவதாகுக.

சேந்தன் கைப்பட எழுதி, மண்டப இலச்சினை வைத்தான். கடன் தீர்ந்தது.