அம்மா அழிக்கச் சொன்ன படம்

வெள்ளிக்கிழமை

தங்கச்சி வளைகாப்புப் படம் மொத்தமும் திரும்பி வந்துவிட்டது. மெமரி கார்டு கெட்டதை நாலு நாளாக அவளிடம் சொல்லாமல் மென்று முழுங்கிக்கொண்டிருந்தேன். காரைக்கால் பஸ் ஸ்டாண்டு பக்கத்தில் கெட்ட கார்டிலிருந்து படங்களை மீட்டுத் தரும் கடைக்காரர், "நீங்க டெலிட் பண்ணினதும் சேர்ந்து வந்துடும், பரவால்லீங்களா?" என்றார். எது வந்தாலும் சரி என்றேன்.

வந்தது. அவளுக்கு வளையல் போடும்போது அம்மா வாய்விட்டுச் சிரித்த படம். "முன்பல்லு இல்லாதது தெரியுது, அழிச்சிடுடி" என்று அன்றைக்கே அழிக்க வைத்தாள். இன்று காட்டியதும் போனை வாங்கி ரொம்ப நேரம் பார்த்தாள். திட்டு விழும் என்று நின்றேன். "பல்லு கெடக்கு, எனக்கு அனுப்பு" என்றாள்.

இப்போது அம்மாவின் வாட்ஸ்அப் ஸ்டேட்டஸில் அதுதான். "இத ஏன்க்கா எனக்குக் காட்டவே இல்ல?" என்று தங்கச்சி கேட்டிருக்கிறாள். சிரித்துக்கொண்டு படுத்திருக்கிறேன்.