தாம்பரம் மைதானத்தில் எழுந்திருக்க மறுத்தேன்

என் ஜெபா அண்ணா,

நேற்று உன் பேரைச் சொல்லி ஒரு கூத்து நடத்தினார்கள். காட்டுத்தீயில் சிக்கியவர்களை ஹெலிகாப்டரில் மீட்கத் தீயணைப்புத் துறை, வனத்துறை, விமானக் குழு மூன்றும் சேர்ந்து பயிற்சியாம். அதுவும் எங்கே? தாம்பரம் பக்கத்தில், புல்கூட முளைக்காத ஒரு மைதானத்தில்! சோபா, ஷாமியானா, பல்லாவரம் சந்தையில் மொத்தமாக வாங்கிய சால்வைகள். வெட்கத்தைத் தவிர எல்லாம் இருந்தது.

மலைச்சரிவில் நீ கால் ஒடிந்து கிடந்தபோது தலைக்கு மேலேயே ஹெலிகாப்டர் சுற்றியது. கீழே உன் ஆட்கள் வாக்கிடாக்கியில் கத்தியது மேலே யாருக்கும் கேட்கவில்லை. புகையில் தேடிவிட்டுத் திரும்பிவிட்டார்கள். தீ உன்னிடம் வந்துவிட்டது.

அடிபட்டவளாக நடிக்க என்னைப் படுக்க வைத்தார்கள். உன் தங்கை, நீ வேலை பார்த்த அதே துறையின் காக்கி உடுப்பு. படத்துக்கு எடுப்பாக இருக்குமாம்.

ஹெலிகாப்டர் வந்தது. வனக்காவலர் முருகன் வாக்கிடாக்கியில் கத்தினார். மறுபடியும் பதில் இல்லை. விசிறியடித்த காற்றில் ஷாமியானா சரிந்தது. ஹெலிகாப்டர் தள்ளிப்போய் இறங்கியது. ஓர் அதிகாரி மைக்கில் "பயிற்சி மாபெரும் வெற்றி" என்றார். கைதட்டல் வேறு!

"எந்திரிம்மா, குரூப் போட்டோ எடுக்கணும்."

"கால் ஒடிஞ்சிருக்கு சார்."

"அட, டிரில் முடிஞ்சிடுச்சும்மா!"

"என்னை இன்னும் யாரும் தூக்கலயே சார்?"

மெமோ கொடுப்பேன் என்றார். கொடுங்கள் என்று வெயிலில் அப்படியே கிடந்தேன். அவருக்குப் பிரியாணி ஆறிக்கொண்டிருந்தது, போய்விட்டார்.

பைலட்தான் நடந்து வந்தார். "எங்களுக்கு எதுவுமே கேக்கல. நீங்க எந்த சேனல்ல பேசறீங்க?"

"யார் சார் இன்னா சேனல்னு எங்களுக்குச் சொன்னாங்கோ?" என்றார் முருகன். இருவரும் என் பக்கத்திலேயே குந்தி, ரேடியோக்களைச் சரிசெய்தார்கள். ஒரு டீ குடிக்கிற நேரம்கூட ஆகவில்லை.

"இன்னொரு வாட்டி போலாமா, சிஸ்டர்?" என்று கேட்டுவிட்டு ஹெலிகாப்டருக்கு ஓடினார் பைலட்.

இந்த முறை முருகன் சொன்ன இடத்திலேயே கயிறு இறங்கியது. கால் தரையை விட்டபோது அழுதுவிட்டேன். இவ்வளவுதானா அண்ணா? இதற்கா நீ போனாய்?

கீழே அதிகாரிகள் ஒருத்தர்கூட அண்ணாந்து பார்க்கவில்லை. இலையில் மும்முரம்.

மெமோ இன்று காலை வந்துவிட்டது. மலையில், சரிவில், புகைக்குள் இந்தப் பயிற்சி நடக்கிறவரை எந்த வெற்றி அறிக்கையிலும் நான் கையெழுத்துப் போடமாட்டேன். இது உனக்கு நான் கொடுக்கும் வாக்கு.

உன் பிடிவாதத்தில் பாதியைப் பங்கு வாங்கிப் பிறந்த தங்கை,
எஸ்தர்