பெட்டியில் இருந்த துவக்கு

12.08.2003, செவ்வாய்

காற்றளக்கும் கருவி ஒன்று அனுப்பும்படி கனடாவில் இருக்கும் தம்பியைக் கேட்டிருந்தேன். "ரெண்டு வகை இருக்கு அண்ணை. ஒண்டு சாதாரணம். மற்றது தூரத்தில நிண்டு மான் சுடுறவை பாவிக்கிறது" என்றான். விலை கூடிய மற்றதையே அனுப்பச் சொன்னவன் நான்தான்.

இன்று பார்சலை எடுத்துக்கொண்டு தீவுக்குத் திரும்பும்போது, குறிகட்டுவான் இறங்குதுறையில் காவலுக்கு நின்ற சென்றிக்காரன் என் பையைத் திறந்தான். பெட்டியில் பெரிதாக மான் சுடும் துவக்குப் படம். "மீன்பிடிக்கப் போக முதல் காற்றுப் பாக்கிறதுக்கு" என்று மூன்று தரம் சொன்னேன். கருவியைப் பெட்டியோடு பறித்துக்கொண்டு என்னைப் போகச் சொன்னான்.

"இஞ்சேரப்பா, பெட்டியை எறிஞ்சுபோட்டு வந்திருக்கலாமே" என்கிறாள் மனைவி. ஊருக்குக் காட்டத்தான் வைத்திருந்தேன் என்று இங்கே மட்டும் எழுதுகிறேன்.

வெளியே சோளகக் காற்று இரைகிறது. எவ்வளவு வேகமென்று சென்றிக்காரனுக்குத் தெரியும்.