வட்டக்கோட்டையில் நீ சிரித்தது

அம்மா,

தென்காசியில் மூன்று நாளாக விடாமல் சாரல். துவைத்த சேலையை அறைக்குள்ளேயே கொடி கட்டி, மின்விசிறியை ஓடவிட்டுக் காயப்போட்டிருந்தேன். இன்று காலை அதை எடுத்து மடிக்கும்போது அந்த வாடை வந்தது. காய்ந்தும் காயாத துணியின் வாடை. அதோடு கொஞ்சம் நல்லெண்ணெயும் சோடா உப்பும் சேர்ந்தால் அது உன்னுடைய வாடை. சீசன் காலம் முழுக்க நீ அந்த வாடையோடுதான் வேலை முடிந்து வீட்டுக்கு வருவாய். எனக்கு அது பிடிக்காது. பாயைத் தள்ளிப் போட்டுப் படுப்பேன். இன்றைக்கு அலுவலகத்துக்கு நேரமாகிறது என்று தெரிந்தும், அந்தச் சேலையை மடியில் வைத்துக்கொண்டு கட்டிலிலேயே உட்கார்ந்திருந்தேன்.

குற்றாலத்தில் பேரருவிக்குப் போகிற வழியில் இருந்த அந்த லாட்ஜில் முப்பத்தைந்து வருஷம் ரூம் கூட்டினாய். அப்பா அருவிக்கரையில் வருகிறவர்களுக்கு எண்ணெய் தேய்த்துவிடுவார். அவர் தேய்த்துவிட்ட எண்ணெயோடு அவர்கள் லாட்ஜுக்குத் திரும்பி, ஈரக் காலோடு தரையில் நடந்து, தலையணையில் தலை வைத்துப் படுப்பார்கள். மறுநாள் அந்தப் போர்வையையெல்லாம் சோடா உப்புக் கரைத்த வெந்நீரில் போட்டு நீ அடித்துத் துவைப்பாய். "அந்த மனுசன் பாட்டுக்குத் தேய்ச்சுவிட்டுட்டுப் போயிருதாரு, நாமல்லா வெளுக்கணும்" என்று அவர் காதுபடவே சொல்வாய். அப்பா சிரிப்பார். அவர் இறந்துபோனபோது நான் மூன்றாம் வகுப்பில் இருந்தேன். அதன் பிறகும் எண்ணெய்க் கறை வந்துகொண்டுதான் இருந்தது. அந்தப் பேச்சை மட்டும் நீ விட்டுவிட்டாய்.

எங்கெங்கிருந்தோ சனம் வந்து அருவியில் நின்று கூச்சல் போடும். அத்தனை வருஷத்தில் சீசன் நேரத்தில் நீ ஒரு நாளும் அருவியில் தலை கொடுத்து நின்றதில்லை. கூட்டம் இருந்தால் ரூம் நிறைந்திருக்கும், ரூம் நிறைந்தால் உனக்கு நிற்க நேரமிருக்காது. வெளியூர் போனதும் இல்லை. ஆய்க்குடிக் கோயிலைத் தாண்டி நீ எங்கே போயிருக்கிறாய் என்று யோசித்தால் எனக்குத் திருநெல்வேலி ஆஸ்பத்திரி மட்டும்தான் நினைவுக்கு வருகிறது.

இப்போது ஒன்றைச் சொல்லியாக வேண்டும். பத்தாம் வகுப்பில் தோழிகள் கேட்டபோது, எங்கம்மா லாட்ஜில் ரிசப்ஷனில் இருக்கிறாள் என்று சொன்னேன். பிறகு அதை நான் மாற்றிச் சொல்லவே இல்லை. தாலுகா ஆபீஸில் வேலைக்குச் சேர்ந்த பிறகும் அதே ரிசப்ஷன்தான். நீ ஒரு தடவை எனக்குச் சோறு கொண்டுவந்தபோது, பக்கத்து மேஜைக்காரி உன்னிடம், "லாட்ஜுல ரிசப்ஷன்ல இருந்தியளாமே" என்று கேட்டாள். நீ என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டு, "ஆமாம்மா" என்றாய். வீட்டுக்கு வந்து அதைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை.

முழங்கால் வலி வந்து நீ வேலையை விட்ட பிறகு, குற்றாலத்து வீட்டைக் காலி செய்து உன்னைத் தென்காசிக்குக் கூட்டி வந்தேன். அன்றைக்குத்தான் உன் டிரங்குப் பெட்டியில், சேலைகளுக்கு அடியில், அந்தப் போட்டோவைப் பார்த்தேன். யாரோ ஒரு பெண். நாற்பது வயது இருக்கலாம். ஒரு கல் மதில் மேல் நிற்கிறாள், பின்னால் கடல். முந்தானை பறக்கிறது. கண்ணை மூடிக்கொண்டு வாய்விட்டுச் சிரிக்கிறாள். பின்பக்கம் நீல மையில் வட்டக்கோட்டை என்று எழுதியிருந்தது.

"யாரும்மா இது?"

"யாருக்குத் தெரியும். ஏழாம் நம்பர் ரூம்ல கெடந்துது. மேனேஜர்ட்ட குடுத்தேன், தூரப் போடுன்னாரு. ஒருவேளை வந்து கேட்டுட்டாவன்னா? அதான் எடுத்து வச்சேன்."

"எத்தனை வருஷம் ஆச்சு?"

"அது ஆச்சு, இருவது வருசம்."

"இனிமே யாரு வந்து கேக்கப்போறா?"

நீ அதை என் கையிலிருந்து வாங்கிச் சேலையில் துடைத்தாய். "பாரேன். கையில வாளி இல்ல, தொடப்பம் இல்ல, இடுப்புல பிள்ள இல்ல. சும்மா நின்னு சிரிக்கா." கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டே இருந்துவிட்டுக் கேட்டாய்: "அங்கன போணும்னா எம்புட்டு தூரம்ட்டி?"

எனக்குத் தெரிந்து, உனக்கென்று நீ கேட்ட ஒரே இடம் அதுதான். அதற்கும் நான் எட்டு மாதம் எடுத்துக்கொண்டேன். ஆபீஸில் லீவு இல்லை, மழை, வெயில் என்று ஏதோ ஒன்று. நீ ஞாபகப்படுத்தவே இல்லை.

ஒரு வழியாகக் கிளம்பினோம். திருநெல்வேலியில் பஸ் மாறி, கன்னியாகுமரி. நீ ஜன்னலோரம் உட்கார்ந்து மேற்கே பார்த்துக்கொண்டே வந்தாய். ஆரல்வாய்மொழிப் பக்கம் மலை நெருங்கி வந்ததும் என் தொடையில் தட்டினாய். "நம்ம மலை கூடவே வருதுல்லா?"

"எல்லாம் ஒரே மலைதாம்மா."

"அப்பம் இன்னும் ஊரத் தாண்டல நாம" என்று சொல்லி நிம்மதியாகச் சாய்ந்துகொண்டாய்.

அன்று கன்னியாகுமரியில் ஒரு லாட்ஜில் தங்கிவிட்டு, மறுநாள் முற்பகலில் ஆட்டோ பிடித்து வட்டக்கோட்டைக்குப் போனோம். கோட்டை வாசலில் நின்று அண்ணாந்து பார்த்தாய். கருங்கல் மதில், உள்ளே புல்தரை, படி இறங்கும் ஒரு குளம், மதில் மேல் ஏறிப்போக ஒரு சரிவு. அவ்வளவுதான்.

"கோட்டைன்னா ராசா வீடு இருக்கும்னுல்லா நெனச்சேன். மதிலுதான இருக்கு."

"சண்டைக்குக் கட்டுனதும்மா. யாரும் குடியிருந்த இடமில்ல."

"அதுவும் நல்லதுதான். கட்டிலு மெத்தைன்னு ஒண்ணும் கெடையாது."

முழங்கால் வலிக்கிறது, கொஞ்சம் உட்காருகிறேன் என்றாய். உன்னை ஒரு மரத்தடியில் உட்காரவைத்துவிட்டு, தண்ணீர் பாட்டில் வாங்க வெளியே கடைக்குப் போனேன். திரும்பி வந்தால் மரத்தடியில் உன் செருப்பு மட்டும் கிடந்தது.

அம்மா, அந்தச் செருப்பைப் பார்த்ததும் குளத்துக்குத்தான் ஓடினேன். பச்சையாகக் கிடந்த தண்ணீரை எட்டி எட்டிப் பார்த்தேன். அப்போதுதான் மேலேயிருந்து அந்தச் சிரிப்புச் சத்தம் கேட்டது. நிமிர்ந்தேன். மதில் மேல் நீ நிற்கிறாய். பக்கத்தில் காக்கிச் சட்டை போட்ட ஒரு பெண், அங்கே சருகு கூட்டிக்கொண்டிருந்தவள். அவள் துடைப்பம் மதிலில் சாய்ந்திருக்கிறது. அவள் கையைப் பிடித்துக்கொண்டு, முந்தானை கடற்காற்றில் தூக்கிப் பறக்க, கண்ணை மூடிக்கொண்டு நீ சிரிக்கிறாய்.

இப்போது எழுதும்போது எல்லாம் துல்லியமாகத் தெரிகிறது. அன்றைக்கு எனக்கு எதுவும் தெரியவில்லை. பயம் முழுக்கக் கோபமாக மாறியிருந்தது. சரிவில் மூச்சிரைக்க ஏறி வந்து, சுற்றிலும் நாலைந்து பேர் நிற்கிறார்கள் என்றுகூடப் பார்க்காமல் கத்தினேன்.

"ஒன்ன எங்கெல்லாம் தேடுதது? ஊரு விட்டு ஊரு வந்தும் கூட்டுதவதான் ஒனக்குச் சேக்காளியா?"

அந்தப் பெண் மெதுவாகத் தன் கையை விடுவித்துக்கொண்டாள். துடைப்பத்தை எடுத்துக்கொண்டு சரிவில் இறங்கிப் போனாள். உன் கை கொஞ்ச நேரம் அப்படியே அந்தரத்தில் நின்று, பிறகு மதில் கல்லைப் பிடித்தது.

"நான்தாட்டி அவ கையப் பிடிச்சிருந்தேன்" என்றாய். "அவ பிடிக்கல."

சமாளிப்பதற்காகச் செல்போனை எடுத்தேன். அந்தப் போட்டோ மாதிரியே நில்லு, எடுக்கிறேன் என்றேன்.

"வேண்டாம். காத்து அடிக்கி. எறங்குவோம்."

கீழே வந்ததும் நீ என்னைப் பார்க்காமல் நேரே மதில் நிழலுக்குப் போனாய். அந்தப் பெண் அங்கே தனியாக உட்கார்ந்திருந்தாள். நீ அவள் எதிரில் காலை நீட்டி உட்கார்ந்து, பையிலிருந்து புளிச்சோற்றை எடுத்து, டப்பா மூடியில் பாதியை வைத்து அவள் பக்கம் தள்ளினாய்.

"எம் மக. தாலுகா ஆபீஸ்ல இருக்கா. பசி வந்துட்டுன்னா அவளுக்கு என்ன பேசுதோம்னே தெரியாது. சின்னதுலயே அப்படித்தான். மனசுல வச்சுக்கிடாத."

"அதுக்கென்னக்கா" என்றாள் அவள். "பிள்ளையளுக்குப் பயம் வந்தா வாயில அப்படித்தான் வரும்."

"ஏட்டி, நிக்கியே. உக்காரு, சாப்பிடு" என்றாய் என்னிடம்.

உட்கார்ந்தேன். மூன்று பேரும் ஒரே டப்பாவைச் சுற்றி உட்கார்ந்து சாப்பிட்டோம். நான் மன்னிப்புக் கேட்கவில்லை. சோறு நல்லா இருக்கு என்று மட்டும் சொன்னேன்.

அதற்குப் பிறகு அந்தப் போட்டோவை நீ எடுத்துப் பார்த்து நான் பார்த்ததில்லை. அன்று எதற்குச் சிரித்தாய் என்று கேட்க வேண்டும், நான் அப்படிச் சொன்னது தப்பு என்று சொல்ல வேண்டும் என்று பல நாள் நினைப்பேன். நீ கீரை ஆய்ந்துகொண்டிருப்பாய், அல்லது டிவி பார்த்துக்கொண்டிருப்பாய். இப்போது எதற்கு, இன்னொரு நாள் என்று தோன்றும். போன ஐப்பசியில் ஒரு காலை, காப்பி குடித்து, டம்ளரைக் கழுவிக் கவிழ்த்து வைத்துவிட்டு, கொஞ்சம் படுத்துக்கிடுதேன் என்று படுத்த நீ எழுந்திருக்கவில்லை.

போன மாதம் நான் மட்டும் வட்டக்கோட்டைக்குப் போனேன். அந்தப் பெண் அங்கேதான் இருந்தாள். இருப்பாள் என்று நான் நினைக்கவில்லை. தலை கொஞ்சம் நரைத்திருந்தது. என்னை எட்டத்தில் பார்த்ததுமே அடையாளம் கண்டுகொண்டாள்.

"அம்மை வரலியா?"

சொன்னேன். துடைப்பத்தைக் கீழே வைத்துவிட்டுக் குளத்துப் படியில் உட்கார்ந்துவிட்டாள். நானும் பக்கத்தில் உட்கார்ந்தேன். பிறகு இத்தனை நாள் மனதில் அரித்துக்கொண்டிருந்ததைக் கேட்டேன்.

"அன்னைக்கு மேல நின்னு அம்மா எதுக்குச் சிரிச்சா?"

அவள் முகம் மலர்ந்தது. "ஒங்ககிட்ட சொல்லலியா? அன்னைக்குக் காலையில நீங்க டிபன் வாங்கக் கீழ போயிருந்தியளாம். அக்காவால சும்மா இருக்க முடியல. போர்வைய மடிச்சு, பாத்ரூமக் கழுவி, தரையத் தொடச்சுக்கிட்டு இருந்திருக்காவ. ரூமு கூட்ட வந்த பிள்ள வாசல்ல நின்னு பாத்துட்டு, 'புதுசா வேலைக்குச் சேந்திருக்கியளா?'ன்னு கேட்டிருக்கு. அக்கா கொஞ்சமும் யோசிக்காம, 'ஆமாட்டி, நேத்துதான் சேந்தேன்'னுட்டாவ. அந்தப் பிள்ள, 'அப்பம் பக்கத்து ரூமையும் பாத்துக்கிடுங்க'ன்னு வாளியக் கையில குடுத்துட்டு மாடிக்குப் போயிட்டாம்."

"அம்மா என்ன செஞ்சா?"

"என்ன செய்வாவ. பக்கத்து ரூமையும் தொடச்சுக் குடுத்துட்டுத்தான் வந்திருக்காவ. 'டூருக்கு வந்த எடத்துல வேலைக்குச் சேந்த ஆளு நான் ஒருத்திதான்'னு சொல்லிச் சொல்லிச் சிரிச்சாவ."

எனக்கு அந்தக் காலை நினைவுக்கு வந்தது. இட்லிப் பொட்டலத்தோடு நான் மேலே வந்தபோது அறையில் நீ இல்லை. வராண்டாவின் அந்தக் கோடியிலிருந்து சேலைக் கரை நனைந்திருக்க வந்தாய். எங்கே போனாய் என்று கேட்டதற்கு, "சும்மா காத்து வாங்குனேன்" என்றாய். என்னிடம் அதைச் சொல்லியிருக்கலாம் அம்மா. ஆனால் சொன்னால் நான் சிரித்திருக்க மாட்டேன். முகத்தைச் சுளித்திருப்பேன், கீழே போய்ச் சண்டை போட்டிருப்பேன். உனக்கு அது தெரியும். அதனால்தான் அந்தச் சிரிப்பை வயிற்றிலேயே வைத்துக்கொண்டு, அதைப் புரிந்துகொள்ளக்கூடிய ஒருத்தியைக் கண்டதும் வலியையும் மறந்து அவளோடு மதில் மேல் ஏறிப் போயிருக்கிறாய்.

"நான் வந்து அதைப் பாதியில கெடுத்துட்டேன்" என்றேன் அவளிடம்.

"இல்ல மக்கா. அக்கா முழுசாச் சிரிச்சு முடிச்ச பெறவுதான் நீங்க வந்திய."

அது உண்மையில்லை என்று எனக்குத் தெரியும். நான் சரிவில் ஏறி வந்தபோதும் நீ சிரித்துக்கொண்டுதான் இருந்தாய். ஆனால் அவளிடம் மறுத்துப் பேசவில்லை. "அன்னைக்கு ஒங்களையும் அப்படிச் சொல்லிட்டேன்" என்றேன். அவள் என் தோளைத் தட்டிவிட்டு எழுந்து வேலையைப் பார்க்கப் போனாள்.

ஊர் திரும்பிய திங்கட்கிழமை ஆபீஸில், சாப்பாட்டு நேரத்தில், பக்கத்து மேஜைக்காரியிடமும் இன்னும் மூன்று பேரிடமும் இந்தக் கதையைச் சொல்ல ஆரம்பித்தேன். பாதியில்தான் புரிந்தது, நீ ரிசப்ஷனில் இருந்தவளாக இருந்தால் இந்தக் கதைக்குச் சிரிப்பே வராது. நிறுத்தி, மறுபடி முதலிலிருந்து தொடங்கினேன். "எங்கம்மா லாட்ஜுல ரூம் கூட்டுத வேலை பாத்தா. முப்பத்தஞ்சு வருசம்." பக்கத்து மேஜைக்காரி மட்டும் சாப்பிடுவதை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தாள். நான் மேலே சொல்லிக்கொண்டே போனேன். கடைசியில் எல்லோரும் சிரித்தார்கள், அம்மா. நன்றாகச் சிரித்தார்கள்.

ஆனாலும் நீ சொன்ன மாதிரி இருந்திருக்காது. இப்போதெல்லாம் காலையில் வீடு கூட்டும்போது, யாரும் இல்லாத அறையில், அந்த ஒரு வரியை மட்டும் உன் குரலில் சொல்லிப் பார்க்கிறேன். ஆமாட்டி, நேத்துதான் சேந்தேன். எந்தச் சொல்லில் நீ சிரிக்கத் தொடங்கியிருப்பாய் என்பதுதான் இன்னும் பிடிபடவில்லை.