தாத்தா படிக்கத்தில் செவ்வந்தி

7 அக்டோபர் 1956

பாகப்பிரிவினை ஒருவழியாக முடிந்தது. தாத்தாவின் சிலமலை நஞ்சை சித்தப்பாவுக்கு. வீட்டுத் தட்டுமுட்டுச் சாமான்கள் எங்கள் அப்பாவுக்கு. ஒரு வண்டி நிறையக் கொண்டுவந்து போடியில் எங்கள் முற்றத்தில் இறக்கினார்கள். அப்பா தலையில் கை வைத்து உட்கார்ந்துவிட்டார். எனக்கோ தலைகால் புரியவில்லை. இவ்வளவும் என் கைக்கு!

10 அக்டோபர்

தாத்தாவின் பாக்குவெட்டியால் ஏலக்காய்க் காம்பு நறுக்கினேன். கத்தரிக்கோலைவிட வேகம். ஏலக்காய் ஸ்டோரில் என் பக்கத்தில் உட்கார்ந்து காய் பொறுக்கும் வேலுத்தாய், "எனக்கும் ஒண்ணு கொண்டு வாடி" என்றாள். அதற்கு உங்கள் தாத்தாவும் சாக வேண்டும் என்றேன். அடிக்க வந்தாள்.

13 அக்டோபர்

தாத்தா நெல் கொட்டி வைத்த குலுக்கை இப்போது கோழிக்கூடு. நெல் இறக்குகிற ஓட்டை வழியாகக் குஞ்சுகள் ஓடிவிடுகின்றன. தாய்க்கோழிதான் தலையை விட்டு மாட்டிக்கொண்டது. அப்பா பார்ப்பதற்குள் எண்ணெய் தடவி எடுத்தேன்.

18 அக்டோபர்

ஞாயிற்றுக்கிழமை தேவாரத்திலிருந்து என்னைப் பெண் பார்க்க வருகிறார்கள். மாப்பிள்ளை சீனிச்சாமி, மலைத் தோட்டத்திலிருந்து ஸ்டோருக்கு ஏலக்காய் லோடு கொண்டுவரும் ஜீப்புக்காரர். அவரை ஒருமுறை பார்த்திருக்கிறேன் என்று அப்பாவிடம் சொன்னேன். பொய். ஜீப்புச் சத்தம் கேட்டாலே எட்டிப் பார்க்கிறவள் நான். இந்த இடம் தட்டிப்போனால்? நினைக்கவே மாட்டேன்.

வந்து உட்காருகிறவர்கள் பார்க்க வீட்டில் அழகாக ஒன்றுமில்லை. தாத்தா வெற்றிலை எச்சில் துப்பிய பித்தளைப் படிக்கம் கண்ணில் பட்டது. புளியும் சாம்பலும் போட்டுத் தேய்த்தேன். பளபளவென்று வந்துவிட்டது. செவ்வந்திப் பூவை நிரப்பி வைத்தால் பூச்சாடிதான். யாருக்குத் தெரியப்போகிறது?

21 அக்டோபர்

எல்லாம் போச்சு.

மாப்பிள்ளையின் அப்பா வீரணன் வெற்றிலை போட்டார். தேவாரத்தில் யானை சோளக்காட்டில் இறங்கிய கதையைச் சொல்லிக்கொண்டே, பழக்கதோஷத்தில் பக்கத்திலிருந்த படிக்கத்தில் புளிச்சென்று துப்பினார். அப்புறம்தான் பூவைப் பார்த்தார். அவர் முகம் போன போக்கு — கதவுக்குப் பின்னால் நின்ற நான் சிரித்துவிட்டேன். வாய்விட்டு. வீடே கேட்டது.

கை நனைக்காமல் எழுந்து போய்விட்டார்கள். "ஒன் சிரிப்புக்கு நேரங்காலமே இல்லையா ஜக்கம்மா? சோலி முடிஞ்சது" என்றார் அப்பா. அழுதேன். அழுகைக்கு நடுவிலும் சிரிப்பு வருகிறதே, நான் என்ன ஜென்மம்?

24 அக்டோபர்

தேவாரத்திலிருந்து தாக்கல் தகவல் ஒன்றும் இல்லை.

28 அக்டோபர்

இன்றும் இல்லை. ஜீப்பும் வரவில்லை.

31 அக்டோபர்

ஜீப்பு வந்தது! ஒரு மூட்டையை இறக்கிவிட்டு அவர் நேராக என் முன்னால் வந்து நின்றார்.

"எங்கப்பா வெத்தலயவே தொடமாட்டேங்கிறாரு. பொண்ணு வீட்டுப் பூச்சாடியில துப்பிட்டேன், அந்தப் புள்ளயே சிரிச்சிருச்சு, இனி எந்த மூஞ்சிய வச்சுக்கிட்டுப் பேசப் போறதுங்கிறாரு" என்றார்.

அடப்பாவமே. வெட்கப்பட்டுக்கொண்டு இருந்தது அவர்களா?

"அது பூச்சாடி இல்லங்க. எங்க தாத்தாவோட படிக்கம். மாமா சரியாத்தான் துப்புனாரு" என்றேன். மாமா என்று எப்படித்தான் வாயில் வந்ததோ.

அவர் சிரித்த சிரிப்பில் ஸ்டோரே திரும்பிப் பார்த்தது. "வெரசாப் போயி சொல்றேன்" என்று மிச்ச மூட்டைகளை இறக்காமலேயே ஜீப்பைக் கிளப்பிக்கொண்டு போனார். வேலுத்தாய் கிள்ளிய இடம் இன்னும் எரிகிறது. எரியட்டும்.

17 பிப்ரவரி 1957, தேவாரம்

மாமா இன்று பின்னறைச் சாவியை மருமகள் என் கையில் கொடுத்தார். அவருடைய தாத்தா காலத்துச் சாமான்கள் உள்ளே கிடக்கின்றனவாம்.

"என்ன வேணாலும் செஞ்சுக்க ஆத்தா. வாசல்ல கெடக்குற கட்டில மட்டும் விட்டுரு. அதுல நான் இன்னும் படுத்துக்கிட்டிருக்கேன்."

சரி மாமா என்றேன். நல்ல தேக்கு அது. பார்க்கலாம்.