மைதானத்திற்கு வந்து போனவர்

பழவேற்காடு
4.5.2007

மதிப்பிற்குரிய ஜெயராஜ் சாருக்கு,

சஹாபுதீன் எழுதுவது. வணக்கம். நீங்களும் டீச்சரம்மாவும் நலமா? உங்களுக்கு இப்போது போனில் காது கேட்பதில்லை என்று நம் உருக்காலை லோகு சொன்னான். அதனால்தான் கடிதம்.

எனக்கு முப்பத்தாறு ஆகிறது சார். பதினாறு வருடத்தில் ஒன்பது கால்பந்து அணி. பொன்னேரியில் ஆரம்பித்து, சென்னையில் நான்காம் டிவிஷன், மூன்றாம் டிவிஷன், மறுபடியும் நான்காம் டிவிஷன், சூலூர்பேட்டை, நம் உருக்காலை, அதற்குப் பிறகு சில்லறை ஆட்டங்கள். டீக்கடை வரதன் இன்னும் கேட்கிறான்: "இன்னா பாய், இந்த வருசம் இன்னா கலரு சட்டை?" இனிச் சட்டை இல்லை. வலது கணுக்கால் மடங்கவே மாட்டேன் என்கிறது.

மீஞ்சூரில் ஒரு பள்ளிக்கூடத்தில் விளையாட்டு உதவியாளர் வேலை இருக்கிறது. ஒரே அணியில் மூன்று வருடமாவது ஆடியதற்குச் சான்று கேட்கிறார்கள். நான் அப்படி நிலைத்து ஆடியது உருக்காலை அணியில் மட்டும்தான், நான்கு வருடம். நீங்கள்தான் மேனேஜர். உங்கள் கையெழுத்தில் ஒரு சான்று போதும். நேர்காணல் ஜூன் 11. வீட்டுக்காரி உமைரா சலாம் சொல்கிறாள்.

சஹாபுதீன்


திருநின்றவூர்
16.5.2007

அன்புள்ள தம்பி சஹாபுதீனுக்கு,

நலம். உன் கடிதம் 7ஆம் தேதியே கிடைத்தது. பதில் எழுத ஒன்பது நாள் ஆனதற்கு என் சுபாவம்தான் காரணம், தபால்காரர் அல்ல.

பழைய அணிப் பட்டியல்களின் நகல்களை எடுத்துப் பார்த்தேன். எல்லாம் தேதிவாரியாக என்னிடம் இருக்கின்றன. தொழிற்பேட்டை ஆலைகளுக்கான எஸ்டேட் கோப்பையில் நிரந்தரத் தொழிலாளர் மட்டுமே ஆடலாம் என்பது விதி. எல்லா ஆலைகளும் வெளியாட்களைத் தொழிலாளி பெயரில்தான் இறக்கின, நாமும் அப்படியே. நீ ஆடிய இருபத்தேழு ஆட்டங்களிலும் ரைட் பேக் இடத்தில், "லோகு, டோக்கன் எண் 418" என்று இருக்கிறது. எழுதியவன் நான். உன் பெயர் ஒரு தாளிலும் இல்லை.

விளையாட்டு வீரர் என்ற கணக்கில்தான் லோகுவுக்குச் சார்ஜ்மேன் பதவி கிடைத்தது. இப்போது நான் உண்மையை எழுதினால் அவன் கதி என்ன? இரண்டு பெண் குழந்தைகள். என் ஓய்வூதியத்தை யாரும் நிறுத்த முடியாது என்று தெரியும். தெரிந்தும் பயமாக இருக்கிறது. சற்று யோசிக்க விடு.

அன்புடன்,
ஜெயராஜ்
டைம் ஆபீஸ் (ஓய்வு)


பழவேற்காடு
23.5.2007

ஜெயராஜ் சாருக்கு,

லோகுவை நேரில் பார்த்தேன். அவன் சொன்னதை அப்படியே எழுதுகிறேன்: "எழுதிக் குடுக்கச் சொல்லு பாய். உன் காலு ஒடிஞ்ச அன்னிக்கு நா ஊட்ல தூங்கிக்கினு இருந்தேன். எனுக்கு வர்றது வரட்டும்."

2004 இறுதியாட்டம் உங்களுக்கு நினைவிருக்கும். கணுக்கால் ஒடிந்தபோது ஆட்டம் முடிய ஆறு நிமிடம் இருந்தது. மாற்று ஆள் இல்லை என்று கட்டுப் போட்டு மறுபடி இறக்கினீர்கள். ஆஸ்பத்திரி படிவத்தையும் நீங்கள்தான் நிரப்பினீர்கள். அந்த எக்ஸ்ரே உறை என்னிடம் இருக்கிறது. எலும்பு என்னுடையது, உறைமேல் பெயர் லோகு. உமைரா அதைப் பார்த்துவிட்டு, "லோகு அண்ணனுக்கு ஒடிஞ்சிது, நீங்க ஏன் நொண்டுறீங்க?" என்று கிண்டல் செய்வாள்.

இனி லோகுவுக்காக நீங்கள் பயப்பட வேண்டியதில்லை. சீக்கிரம் அனுப்புங்கள் சார்.

சஹாபுதீன்


திருநின்றவூர்
6.6.2007

அன்புள்ள தம்பி,

சான்று இத்துடன் இருக்கிறது. ஏழு முறை எழுதிக் கிழித்தேன். எட்டாவதுதான் யாருக்கும் தீங்கு வராத வாசகம் என்று தோன்றியது:

"திரு. சஹாபுதீன், 2001 முதல் 2004 வரை எங்கள் அணி ஆடிய நாட்களில் மைதானத்திற்கு வந்து போனவர் என்பதையும், கால்பந்தில் மிகுந்த ஆர்வம் உடையவர் என்பதையும் நான் அறிவேன்."

"ஆடினார்" என்ற சொல் இதில் இல்லை. ஆனால் விளையாட்டு தெரிந்தவர்கள் படித்தால் புரிந்துகொள்வார்கள் என்று நம்புகிறேன். சரியாகத்தான் செய்தேனா என்று தெரியவில்லை. நேர்காணலுக்குச் சலவைச் சட்டை போட்டுக்கொண்டு போ. வேலை கிடைக்க நானும் டீச்சரும் ஜெபிக்கிறோம்.

ஜெயராஜ்
டைம் ஆபீஸ் (ஓய்வு)


பழவேற்காடு
14.6.2007

சார்,

உங்கள் சான்றை அவர்கள் சத்தம் போட்டுப் படித்தார்கள். மூன்று பேர் இருந்தார்கள். ஒருவர் கேட்டார்: "வந்து போனவர்னா? ஆட்டம் பாக்க வந்தியா, சுண்டல் விக்க வந்தியா?" எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். வேறு என்ன செய்வது என்று தெரியவில்லை.

சான்றைத் திருப்பி அனுப்பியிருக்கிறேன். எனக்கு அது பயன்படாது.

கும்மிடிப்பூண்டியில் ஒரு வார்ப்படக் கம்பெனியில் காண்ட்ராக்ட் வேலை கிடைத்திருக்கிறது. பச்சையப்பன் என்று ஒருவர் சொல்லாமல் நின்றுவிட்டாராம். "அந்த ஆளு டோக்கன்லயே போய்க்கினு வா. புதுசா போட நாளாவும்" என்றார் மேஸ்திரி. எனக்குப் பழக்கம்தானே. சரி என்று சொல்லிவிட்டேன்.

கோபம் இல்லை சார். இனி எழுத வேண்டாம்.

சஹாபுதீன்


திருநின்றவூர்
2.7.2007

அன்புள்ள சஹாபுதீன்,

எழுத வேண்டாம் என்றாய். இதற்குப் பிறகு எழுத மாட்டேன்.

புதிய சான்று எழுதிவிட்டேன். இந்த முறை ஒரே தடவையில் முடிந்தது. இருபத்தேழு ஆட்டங்களும் தேதியோடு இருக்கின்றன. "ஆடினார்" என்றே எழுதியிருக்கிறேன். பெயரை மாற்றி எழுதியவன் நான் என்பதும், ஒடிந்த காலோடு உன்னை இறக்கியவன் நான் என்பதும் இருக்கிறது. லோகுவிடம் சொல்லிவிட்டு, ஒரு நகலை உருக்காலைக்குப் பதிவுத் தபாலில் அனுப்பினேன். மீஞ்சூர் பள்ளிக்கும் போனேன். வேறு ஆளை எடுத்துவிட்டார்கள்.

அதனால்தான் சனிக்கிழமை, சான்றை உன் கையிலேயே கொடுக்கலாம் என்று ரயிலேறி கும்மிடிப்பூண்டி வந்தேன். லோகு சொன்ன கம்பெனியின் கேட்டில் உன் பெயரைச் சொன்னேன். காவலாளி பட்டியலில் விரலை ஓட்டிவிட்டு, "அப்டி யாரும் இங்க இல்ல பெருசு. பேர கரீக்டா சொல்லு" என்றார். உண்மையைச் சொன்னால் இந்த வேலையும் போய்விடும். பார்வையாளர் பதிவேட்டை வாங்கி, பார்க்க வேண்டிய நபர் என்ற இடத்தில் "பச்சையப்பன்" என்று எழுதினேன். என் எழுத்து எப்போதும் போலத் தெளிவாக இருந்தது.

நீ வந்தாய். முகமெல்லாம் கரி. முதலில் பதிவேட்டைப் பார்த்தாய், பிறகு என்னை. "இன்னா பச்சையப்பா, சொந்தக்காரரா?" என்று காவலாளி கேட்டார்.

"இல்லண்ணே. வேற யாரையோ தேடி வந்துக்கிறாரு" என்று சொல்லிவிட்டு உள்ளே திரும்பினாய். என் காதுக்கு அது மட்டும் நன்றாகவே கேட்டது. வலது காலை இழுத்து நடந்தாய். உலைக்கூடத்து வாசல் வரை பார்த்துக்கொண்டு நின்றேன்.

கொடுக்க முடியாத சான்றை இத்துடன் வைத்திருக்கிறேன். உறைமேல் உன் பெயரை எழுதியிருக்கிறேன்.

ஜெயராஜ்